கும்பகோணம் மொட்டை மாடிக்கு எந்தத் தொலைநோக்கி?

அண்ணன் மகள் பத்தாவது முடித்துவிட்டாள். நல்ல மதிப்பெண் வாங்கினால் தொலைநோக்கி வாங்கித் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். அவள் வாங்கிக் காட்டிவிட்டாள். எதை வாங்குவது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது, ஏனென்றால் வீட்டில் பல வருடமாக ராத்திரியில் மாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறவன் நான்தான். அவளும் நானும் மூன்று வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டோம். ஒருநாள் ராத்திரி மூன்று கருவிகளை அடுத்தடுத்து வைத்தும் பார்த்தோம். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்று அந்தக் கணக்கையெல்லாம் எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 40, 50 பாகை அட்சரேகையில் இருப்பவர்கள் எழுதியவை. கும்பகோணம் இருப்பது 11 பாகையில். இந்த ஓர் எண் எங்கள் முடிவில் பாதியைத் தீர்மானித்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தூரம் உள்ள, மேசைமேல் வைக்கிற டாப்சோனியன் தொலைநோக்கி, அதாவது பெட்டி போன்ற அடிப்பாகத்தில் உட்கார்ந்து, கையால் தள்ளித் திருப்புகிற வகை. அதோடு வரும் 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் போக, தனியாக ஒரு 6 மி.மீ. ஐபீஸ். (பாடப்புத்தகம் கண்ணருகு லென்ஸ் என்று சொல்வதைக் கடையில் ஐபீஸ் என்றுதான் கேட்க வேண்டும். நானும் அப்படியே சொல்கிறேன்.) இந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டிமேல் இருக்கும் எண்

முதலில் ஒதுக்கியது, பெட்டிமேல் "525 மடங்கு பெரிதாக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கப்படும் சிறிய தொலைநோக்கிகளை. அந்த எண் எப்படி வருகிறது என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். குழாயில் 700 மி.மீ., ஐபீஸில் 4 மி.மீ. என்றால் 175 மடங்கு. அதற்கு முன்னால் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் 76 மி.மீ. விட்டமுள்ள ஒரு கண்ணாடி சேகரிக்கிற ஒளியையும் நுணுக்கத்தையும் வைத்துக்கொண்டு 525 மடங்கு பெரிதாக்கினால் மங்கலான ஒரு கொழகொழப்புதான் தெரியும். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பது நல்ல காற்று நிலையில் உச்ச வரம்பு. 76 மி.மீ.க்கு 152. அதற்கு மேல் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது.

என் முதல் தொலைநோக்கி இப்படி ஒன்றுதான். கல்லூரி முடித்த வருடம் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கினேன். குழாய்கூடப் பரவாயில்லை. அதைத் தாங்கிய மூன்று கால்தான் மோசம். விரல் பட்டாலே ஆடும், ஆட்டம் நிற்க ஐந்தாறு விநாடி ஆகும், அதற்குள் வியாழன் காட்சி வட்டத்தை விட்டு நகர்ந்திருக்கும். இரண்டு மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது. அடுத்த நான்கு வருடம் நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னமும் இருக்கிறது. அவளுக்கு அது நடக்கக்கூடாது என்பதால்தான் இவ்வளவு மெனக்கெட்டேன்.

இன்னொரு வகையையும் கவனமாகத் தள்ளினோம். 114 அல்லது 127 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம் என்று போட்டிருக்கும், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். லென்ஸுக்குப் பதிலாகக் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் சாதாரண நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் குழாயின் நீளமும் குவியத் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். குழாய் பாதி நீளத்தில் இருந்தால், ஐபீஸ் செருகும் குழலுக்குள்ளே ஒரு திருத்தும் லென்ஸ் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். மலிவான தயாரிப்புகளில் அந்த லென்ஸின் தரம் மோசமாக இருப்பதோடு, கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதையும் அது சிக்கலாக்கிவிடும். பெட்டியில் உள்ள இரண்டு எண்களையும் குழாயின் நீளத்தையும் ஒப்பிட்டாலே கண்டுபிடித்துவிடலாம்.

துருவ நட்சத்திரம் தென்னைக்குப் பின்னால்

அப்புறம் மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு. இரண்டு வகை இருக்கிறது. மேலும் கீழும், இடமும் வலமும் திருப்புவது ஒன்று. இன்னொன்று பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு அச்சைச் சாய்த்து வைத்து, ஒரே திருகைச் சுற்றி நட்சத்திரத்தைப் பின்தொடரும் ஈக்குவட்டோரியல் வகை. படத்தில் பார்க்க இரண்டாவதுதான் அறிவியல் கருவி மாதிரி இருக்கும். எடைக்கட்டி, அளவுகோல் போட்ட சக்கரங்கள், நீண்ட திருகுகள். அவளுக்கும் அதன்மேல்தான் ஆசை. ஆசைப்படுவதில் தவறில்லை. பூமி சுழல்வதைக் கையால் ஈடுசெய்வது அழகான யோசனைதான்.

ஆனால் அந்த அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நம் ஊரின் அட்சரேகைதான். லண்டனில் 51 பாகைக்கு மேல். கும்பகோணத்தில் 11. சென்னையில் 13. கன்னியாகுமரியில் 8. யாழ்ப்பாணத்தில் 10க்கும் சற்றுக் குறைவு. 11 பாகை என்பது கையை நீட்டி மூடிய முஷ்டியை வைத்தால் அதன் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எங்கள் மாடியில் அந்த உயரத்தில் பக்கத்து வீட்டுத் தென்னைகளும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. மரமே இல்லாவிட்டாலும், அந்த உயரத்திலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர்மேலே இருப்பதைப் போல ஐந்து மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. பெரிய பிரகாசம் இல்லாத அந்த நட்சத்திரம் நகர வெளிச்சத்திலும் தூசியிலும் பல ராத்திரி காணாமலே போய்விடும். திசைகாட்டியை வைத்து ஓரளவு நிறுத்தலாம் என்பது உண்மை. ஆனால் மலிவான ஈக்குவட்டோரியல் மவுண்ட்டுகள் சிலவற்றில் அச்சை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கட்டியின் தண்டு மூன்று கால்களில் ஒன்றில் போய் இடிக்கிறது. அதோடு, நியூட்டன் வகைக் குழாயை அதில் மாட்டினால், வானத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐபீஸ் ஒவ்வொரு விதமாகத் திரும்பிக்கொள்ளும். குழாயைத் தளர்த்தி உருட்டிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வேறொரு விஷயமும் மாறுகிறது, அது நமக்கு நல்லது. கோள்கள் எல்லாம் சூரியன் போகும் பாதையை ஒட்டியே போகின்றன. லண்டனில் அந்தப் பாதையின் தென்கோடியில் இருக்கும் கோள் 15 பாகைக்கு மேல் எழும்பாது. நமக்கோ அதே கோள் 55 பாகைக்கு மேல் வரும், மற்ற வருடங்களில் உச்சந்தலைக்கே வந்துவிடும். மேலே போகப் போக இடையில் உள்ள காற்று குறைவு, படம் நடுங்குவதும் குறைவு. சனியையும் வியாழனையும் பார்க்க நம் ஊர் அருமையான இடம். அதனால் தலைக்கு மேலே பார்க்கும்போது கழுத்து வலிக்காத கருவியாக இருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதிக்கொண்டோம். நியூட்டன் வகையில் ஐபீஸ் குழாயின் மேல் நுனிக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் இருக்கும். உச்சியைப் பார்க்கும்போதும் தலையை நேராகவே வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் வகையில் ஐபீஸ் கீழ் நுனியில் இருப்பதால், 90 பாகை திருப்பும் டயகனல் இருந்தாலும் கிட்டத்தட்ட தரையில் உட்கார வேண்டியிருக்கும்.

டாப்சோனியன் என்ற பெயர் ஜான் டாப்சனிடமிருந்து வந்தது. 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் வைத்துத் தொலைநோக்கி செய்து, நடைபாதையில் நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். ஒரு பெட்டி, அதில் சுழலும் ஒரு குழாய், அவ்வளவுதான் அவருடைய மவுண்ட். நிறுத்துவதற்குத் துருவ நட்சத்திரம் வேண்டாம், எடைக்கட்டி வேண்டாம், கையால் தள்ளினால் போதும். விலையில் பெரும்பங்கு கண்ணாடிக்குப் போகும், இரும்புத் திருகுகளுக்கு அல்ல.

களத்தில் ஒரு ராத்திரி

கடைசியாக மூன்று மிஞ்சின. மேலும் கீழும் திருப்பும் மவுண்ட்டோடு 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் தொலைநோக்கி. 130/650 மேசை டாப்சோனியன். 200/1200 பெரிய டாப்சோனியன். விலையும் அந்த வரிசையில்தான் ஏறும். முதலாவது என்னிடம் இருக்கிறது. இரண்டாவதைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இரவல் கொடுத்தார். மூன்றாவது ஊருக்கு வெளியே இருக்கும் நண்பருடையது. மே மாதக் கடைசியில், பிறை தோன்றிய நாலாம் நாள், அவர் வீட்டு நெல் களத்தில் மூன்றையும் வரிசையாக வைத்தோம்.

பிறையை முதலில் பார்த்தோம். 70 மி.மீ. இங்கே தலைநிமிர்ந்து நின்றது. 70 மடங்கில் ஓரங்கள் கத்தி மாதிரி கூர்மை, பின்னணி நல்ல கறுப்பு. நிலாவில் ஏறக்குறைய 3 கி.மீ. வரைக்கும் உள்ள விவரங்களை இந்த விட்டத்தால் பிரித்துக் காட்ட முடியும். அதைவிடப் பெரிய பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நிலாவையும் கோள்களையும் மட்டும் பார்ப்பேன் என்கிறவருக்கு நல்ல 70 மி.மீ. போதும் என்று நான் மனதாரச் சொல்வேன். வியாழனின் நான்கு நிலாக்கள், இரண்டு பட்டைகள், வெள்ளியின் பிறை, சனியின் வளையம் எல்லாம் இதில் தெரியும். வியாழன் போன்ற பிரகாசமானவற்றைச் சுற்றி மெல்லிய ஊதா விளிம்பு தெரியும். அது ஒரு குறை, ஆனால் பழகிவிடும். 130 மி.மீ.இல் அதே பிறையைப் பார்த்தபோது பள்ளங்களுக்குள் இன்னும் சிறிய பள்ளங்கள் தெரிந்தன, நிறப் பிசிறு இல்லை. 200 மி.மீ. அன்று ஒன்பது மணிக்கு ஏமாற்றியது. அறைக்குள் இருந்து எடுத்துவந்த பெரிய கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர அரைமணிக்கு மேல் பிடித்தது, அதுவரை படம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தது.

பத்து மணியளவில் பிறை மறைந்ததும் தெற்கே திரும்பினோம். நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கும் ஒரு செல்வம் அங்கே: ஒமேகா சென்டாரி. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒன்றாகத் திரண்ட கோளக் கொத்து, ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரத்தில். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது உதிப்பதே இல்லை. நமக்குத் தெற்கு வானில் 30 பாகை உயரத்துக்கு வருகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி இருக்கிறதே, வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதியை எட்ட முடிவது அந்த இடத்துக்கு உள்ள சிறப்புகளில் ஒன்று. அதே சிறப்பு நம் மாடிக்கும் உண்டு.

70 மி.மீ.இல் அது வட்டமான புகை. கூர்ந்து பார்த்தால் உள்ளே ஏதோ பொரிப்பொரியாக இருக்கிற மாதிரி ஓர் உணர்வு, அவ்வளவுதான். 130 மி.மீ.இல் 65 மடங்கில் ஓரம் முழுக்கத் துகள் துகளாக உதிர்ந்தது. அண்ணன் மகள் "சித்தப்பா, இது எல்லாமே நட்சத்திரமா?" என்று கேட்டுவிட்டு, நகரவே இல்லை. 200 மி.மீ.இல், அதற்குள் கண்ணாடியும் ஆறியிருந்தது, கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல நடுப்பகுதி வரை நட்சத்திரங்களாகவே இருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.

விட்டத்தின் வர்க்கம்தான் ஒளியின் அளவு. 70க்கும் 130க்கும் கணக்கில் மூன்றரை மடங்கு வித்தியாசம். நடுவில் மறைக்கும் சிறு கண்ணாடியையும் பூச்சில் இழக்கும் ஒளியையும் கழித்தாலும் இரண்டரை மடங்குக்குக் குறையாது. 130க்கும் 200க்கும் இடையே இன்னொரு 2.4 மடங்கு. அன்று ராத்திரி காட்சியை மட்டும் வைத்துத் தீர்மானித்திருந்தால் 200தான்.

மறுநாள் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வீட்டில் மாடிக்கு 22 படி. நடுவில் ஒரு திருப்பம். குழாயும் அடிப்பெட்டியும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும், 1.2 மீட்டர் நீளமுள்ள குழாய் அது. படிப்பு முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு, அப்பா தூங்கியபிறகு, தனியாக இரண்டு நடை எடுத்துப் போவாயா? அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சனிக்கிழமை போவேன்" என்றாள். 130 மேசை டாப்சோனியன் மொத்தம் ஆறேழு கிலோ. ஒரு கையில் தூக்கிக்கொண்டு மற்றொரு கையால் கதவைத் திறக்கலாம். அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை மட்டுமல்ல, மேகம் விலகுகிற எந்த ராத்திரியும் இருபது நிமிடம் போய்வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வானம் கழுவிய மாதிரி இருக்கும் ஒரு மணி நேரம் சொல்லாமல்தான் வரும். அப்போது மேலே போகிற கருவி எதுவோ அதுதான் வேண்டும்.

மேசை டாப்சோனியனுக்கு மேசை வேண்டும் என்பது ஒரு குறை. பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடும். கைப்பிடிச் சுவர்மேல் வைக்கவே கூடாது, கை தட்டினால் கீழே. எங்கள் மாடியில் பழைய துணி துவைக்கும் கல் ஒன்று இருக்கிறது. அதைப்போல உறுதியான மேடை காசு கொடுத்தாலும் கிடைக்காது. இல்லாதவர்கள் கனமான மர முக்காலியைப் பார்க்கலாம். இந்த வகையில் குழாயின் மேல்பாதி திறந்திருக்கும். தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே விழாமல் இருக்கக் கறுப்புச் சார்ட் தாளைச் சுற்றிவிட்டால் போதும். உச்சிக்கு நேராக இருப்பதைப் பின்தொடர இடவலமாகத் தள்ளும்போது பிடி கிடைக்காது, அது எல்லா டாப்சோனியனுக்கும் உள்ள சங்கடம். ஒரு மணி நேரம் பொறுத்தால் அந்தக் கோள் 15 பாகை இறங்கியிருக்கும், சரியாகிவிடும்.

எந்த ஐபீஸ்

தொலைநோக்கிக்கே முழுப் பணத்தையும் போட்டுவிடுவதுதான் பலர் செய்வது. கால் பங்காவது ஐபீஸுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். கண்ணாடி சேகரித்த படத்தைக் கண்ணுக்குக் கொடுப்பது ஐபீஸ்தான், அது சரியில்லை என்றால் கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. அதோடு, நாளைக்கு வேறு தொலைநோக்கி வாங்கினாலும் ஐபீஸ் கூட வரும். 1.25 அங்குல அளவு இப்போது பொதுவானது. பழைய 0.965 அங்குலக் குழல் உள்ள கருவி யாராவது கொடுத்தால், அதற்கு நல்ல ஐபீஸ் கிடைப்பது கஷ்டம்.

650 மி.மீ.க்குக் கணக்கு இப்படி. 25 மி.மீ. போட்டால் 26 மடங்கு. காட்சி வட்டம் ஏறக்குறைய 1.9 பாகை, நிலாவைப் போல நாலு அகலம். தேடுவதற்கு இதுதான், எப்போதும் இதில்தான் தொடங்க வேண்டும். கார்த்திகைக் கூட்டம் முழுதாக உள்ளே வரும். 10 மி.மீ. போட்டால் 65 மடங்கு, கொத்துகளுக்கும் திருவாதிரைக்குக் கீழே உள்ள ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்துக்கும் அருமை. இரண்டும் கருவியோடே வருகின்றன. இலவசமாக வருபவை உயர்தரம் இல்லை, ஆனாலும் முதல் வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.

இல்லாதது, கோள்களுக்கான அதிக உருப்பெருக்கம். 130 மி.மீ. கணக்குப்படி 260 மடங்கு வரை போகலாம். நம் ஊரில் பெரும்பாலான ராத்திரி 100 முதல் 150க்குள்தான் படம் நிலையாக நிற்கும். அதற்கு மூன்று வழிகளை ஒப்பிட்டோம்.

ஒன்று, இரட்டிக்கும் பார்லோ லென்ஸ். 10 மி.மீ.உடன் போட்டால் 130 மடங்கு, 25 மி.மீ.உடன் 52. ஒன்றை வாங்கி இரண்டைப் பெறுகிறோம். ஆனால் சுமாரான 10 மி.மீ.இன் குறைகளையும் சேர்த்துப் பெரிதாக்கும். தொலைநோக்கியோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் பார்லோவை எடுத்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, 6 மி.மீ. ப்ளாசில். 1860இல் வியன்னாவில் ஜார்ஜ் சைமன் ப்ளாசில் வடிவமைத்த வகை, இன்றைக்கும் விலைக்கேற்ற நல்ல ஐபீஸ். ஆனால் குவியத் தூரம் குறையக் குறையக் கண்ணை அதன் லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டும். 6 மி.மீ.இல் அந்த இடைவெளி 4 மி.மீ. மாதிரிதான். இமைமுடி உரசும். கண்ணாடி போடுகிறவர்களால் முடியவே முடியாது. 20 மி.மீ.க்கு மேல் உள்ள ப்ளாசில்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, அகலக் காட்சி கொண்ட 6 மி.மீ. ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டம் 66 பாகை அகலம், ப்ளாசிலில் 50தான்; இதை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வானத்தில் எவ்வளவு தெரியும் என்பது கிடைக்கும். உடம்பில் தங்க நிறக் கோடு போட்டு வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள். 108 மடங்கு, கண்ணுக்கு இடைவெளி சுமார் 15 மி.மீ. இதைத்தான் எடுத்தோம். காரணம் வசதி மட்டுமில்லை. வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. டாப்சோனியனில் மோட்டார் கிடையாது. 6 மி.மீ. ப்ளாசிலின் காட்சி வட்டம் 0.46 பாகைதான், கோள் இரண்டு நிமிடத்துக்குள் அதைக் கடந்துவிடும். 66 பாகையில் வட்டம் 0.6 பாகை, ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கிடைக்கும். அரை நிமிடம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். சனியை உற்றுப் பார்க்கும்போது காற்று அடங்கி ஒரு விநாடி படம் தெளிவாகும், உடனே மறுபடி கலங்கும். அந்த ஒரு விநாடிக்காகத்தான் காத்திருக்கிறோம். நடுவில் தள்ளிக்கொண்டே இருந்தால் அது தவறிப்போகும். முழுநிலாவும் இதில் ஒரே பார்வையில் அடங்கும்.

8 முதல் 24 மி.மீ. வரை மாறும் ஜூம் ஐபீஸையும் பார்த்தோம். ஒன்றே எல்லாமாக இருக்கும் என்பது கவர்ச்சி. ஆனால் 24இல் காட்சி வட்டம் குறுகிவிடுகிறது, தேடுவதற்கு அகலம் வேண்டிய இடத்தில் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். ஐபீஸ்கள் ஐந்தாறும் வண்ண வடிகட்டிகளும் அடங்கிய அலுமினியப் பெட்டியை வேண்டாம் என்றேன். அதில் பாதியைத் தொடமாட்டோம்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். ஐபீஸில் திருகும்படி "சூரியன்" என்று எழுதிய சிறு கறுப்புக் கண்ணாடி சில கருவிகளோடு வரும். உடனே தூக்கி எறியுங்கள். குவிந்த வெயிலில் அது வெடிக்கும், கண் ஒரு நொடியில் போய்விடும். சூரியனைப் பார்ப்பதானால் குழாயின் முன்வாயை முழுக்க மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டி மட்டும்தான். அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேறு வீடு என்றால்

சென்னையில் அடுக்குமாடியில், ஒரு பக்கம் மட்டும் வானம் தெரியும் பால்கனிதான் என்றால் 90 மி.மீ. அல்லது 127 மி.மீ. மாக்சுடோவ் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த வகை) எடுப்பேன். குட்டையான குழாய், நீண்ட குவியத் தூரம், கோள்களுக்கும் நிலாவுக்கும் கூர்மை. காட்சி வட்டம் குறுகல். ஆனால் அங்கே அகலமாகப் பார்க்க இருண்ட வானமும் இல்லை. கிராமத்தில் தரைத்தளத்திலேயே வாசல், படி ஏற வேண்டாம், தூக்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் 200 மி.மீ.தான், யோசிக்கவே வேண்டாம். எந்தப் பராமரிப்பும் செய்ய விருப்பமில்லாதவருக்கு 70 மி.மீ. லென்ஸ் வகை, ஏனென்றால் நியூட்டன் வகையில் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி அவ்வப்போது திருகிச் சரிசெய்ய வேண்டும். 130/650 அந்த விஷயத்தில் கொஞ்சம் நுட்பமானது. கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும், பிறகு இரண்டு நிமிட வேலை.

கையில் பணம் குறைவு என்றால் மட்டமான தொலைநோக்கியைவிட 10×50 பைனாகுலர் எவ்வளவோ மேல். வியாழனின் நிலாக்களும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமும் அதிலேயே தெரியும், பகலில் கொக்கும் நாரையும் பார்க்கலாம். இன்னொரு புது வகையும் வந்திருக்கிறது. 2023இல் வெளிவந்த சீஸ்டார் எஸ்50 போல, ஐபீஸே இல்லாமல் கைப்பேசித் திரையில் படம் காட்டும் தானியங்கிக் கருவிகள். 50 மி.மீ. விட்டம்தான், ஆனால் ஒளியை நிமிடக்கணக்கில் சேர்த்து, நகரத்திலிருந்தே நெபுலாவை நிறத்தோடு காட்டிவிடும். குவியத் தூரம் 250 மி.மீ. என்பதால் கோள்கள் புள்ளி அளவுக்குத்தான் வரும். படம் எடுக்க ஆசைப்படுகிறவருக்கு நல்லது. அண்ணன் மகளிடம் கேட்டேன். "அது படம்தானே சித்தப்பா, நான் பார்த்ததா ஆகுமா?" என்றாள். அதோடு அதை விட்டுவிட்டோம்.

எதை வாங்கினாலும் நம் ஊர் ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டும். மார்கழிப் பனியில் லென்ஸ் வியர்த்தால் துடைக்காதீர்கள். மூடியைப் போடாமல் மின்விசிறிக்கு அடியில் உலரவிட்டு அப்புறம் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், அது கண்ணாடிப் பூச்சையே தின்றுவிடும். ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கண்ணாடியில் தூசி இருந்தால் பரவாயில்லை, படம் கெடாது. துடைத்துக் கீறினால்தான் கெடும். வெயில் காலத்தில் மாடித் தளம் ராத்திரி பத்து வரை சூட்டைக் கக்கும், அந்த அனலில் கோள்கள் கொதிக்கும். சாயங்காலமே நாலு வாளித் தண்ணீர் ஊற்றி வைப்பது எங்கள் வழக்கம்.

கருவி ஆனி மாதம் வந்தது. துவைக்கும் கல்லில் வைத்து, அவளே கண்ணாடிகளை நேர்ப்படுத்தினாள். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பாகத் திரும்பி ஒரு கோடாக ஒடுங்கியது. இப்போது வருடத்துக்கு வருடம் அகன்றுகொண்டிருக்கிறது, 2032 வாக்கில் முழு அகலத்துக்கு வரும். ஒவ்வொரு வருடமும் ஒருமுறை 6 மி.மீ.இல் பார்த்து ஒரே அளவில் வரைந்து வைப்பது என்று ஒரு கோடில்லாத நோட்டுப் போட்டிருக்கிறாள். 32 மி.மீ. ப்ளாசில் ஒன்று மட்டும் பாக்கி. 20 மடங்கு, ஏறக்குறைய இரண்டரைப் பாகை வட்டம், கார்த்திகைக் கூட்டத்துக்குச் சுற்றிலும் கொஞ்சம் இருட்டும் சேர்ந்து வரும். மழை முடிந்து தை பிறந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.